கூரை ஒன்று, குடும்பம் பன்னிரண்டு: மலையகக் குடியிருப்புகளுக்கு டிஜிட்டல் வரைபடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று இலங்கையின் எந்த மலையக நகரத்தில் இறங்கினாலும் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவில் நெருக்கமாகக் குடியிருப்புகள் இருக்கும். சில, தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் கட்டிய பழைய தோட்ட லயன்கள். நகரம் வளர்ந்து அவற்றைச் சுற்றிக்கொண்டது. சில ஆற்றோரத்தில், ரயில் பாதையோரத்தில் ஆட்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட வீடுகள். கண்டி மஹய்யாவ போல, நகரத்தைச் சுத்தம் செய்யும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடங்களும் உண்டு. இந்த இடங்களை அங்கே இருப்பவர்களே கைபேசியில் வரைபடமாக்கினால் வீட்டுத் திட்டங்கள் உருப்படியாக அமையும் என்று சொல்லிக்கொண்டு சில வருடங்களாகச் சுற்றுகிறோம். போகுமிடமெல்லாம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கூகுள் மேப்பிலேயே இருக்கிறதே. இன்னொரு வரைபடம் எதற்கு?

உங்கள் லயனை செய்மதிப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு நீளமான தகரக் கூரை தெரியும். கணினிக்கு அது ஒரு கட்டடம். படத்தைப் பார்த்துத் தானாகக் கட்டடம் எண்ணும் மென்பொருளும் அதை ஒன்று என்றுதான் எண்ணும். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே முன்பக்கம் ஆறு காம்பரா (அறை), பின்பக்கம் ஆறு காம்பரா. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சிலவற்றில் கலியாணம் முடித்த மகனுக்காக இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து இன்னொரு அறை. மேலிருந்து பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது.

முதல் தடவை நாங்களே இந்தத் தப்பைச் செய்தோம். ஓர் இடத்தில் ஒன்பது கூரைகளைப் படம் பார்த்து வரைந்து, ஒன்பது கட்டடம் என்று எழுதி, அதையே ஓர் அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டோம். பிறகு நடந்துபோய் வாசல் வாசலாக எண்ணியபோது தொண்ணூற்று நான்கு குடும்பங்கள் இருந்தன. மலசலகூடம் எத்தனை வேண்டும், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை காணித் துண்டு பிரிக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. அன்றிலிருந்து வாசலை எண்ணாமல் எந்தப் படத்தையும் நாங்கள் கைமாற்றுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கூகுளின் படத்தில் நீங்கள் சேர்ப்பது கூகுளிடம் இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-இல் தொடங்கிய பொது வரைபடம். யாரும் திருத்தலாம், முழுத் தரவையும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். நாங்கள் அதில்தான் வேலை செய்கிறோம்.

சரி, வரைபடம் இருந்தால் வீட்டுத் திட்டம் எப்படி நன்றாக வரும்?

மலையகத்தில் தூரம் என்பது கிடைமட்டத் தூரம் இல்லை. வரைபடத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 30 மீட்டர் என்று இருக்கலாம். அதற்குள் 10 மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால், அரை அடிப் படி வைத்தால் அறுபத்தைந்து படிக்கு மேல் வரும். காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து அந்தப் படி ஏறும் ஒருவருக்கும், முழங்கால் வலியோடு கிளினிக் போய்வரும் ஒரு பாட்டிக்கும் அந்த 30 மீட்டர் என்ன என்று தெரியும். தட்டையான காகிதத்தில் கோடு போட்டவருக்குத் தெரியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் படிக்கட்டைப் பாதையிலிருந்து பிரித்துக் குறிக்கலாம், எத்தனை படி என்றும் எழுதலாம். அதை உயர விவரத்தோடு சேர்த்துப் பார்த்தால், பாதையை எங்கே வளைத்துக் கொண்டுவந்தால் த்ரீவீலர் வாசல் வரை வரும், எந்த வரிசை வீடுகளுக்கு அது ஒருபோதும் வராது என்பது அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர் போகும் வழி. மேல் லயனின் கான் (வடிகால்) எங்கே வந்து விழுகிறது? மழை நாளில் எந்தப் படிக்கட்டு ஓடையாக மாறுகிறது? வீடு கட்டும்போது மலையை வெட்டித் தட்டையாக்குகிறோம். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளுகிறோம். அந்த மண் பழைய கானை மூடிவிட்டால், அடுத்த அடை மழையில் தண்ணீர் புது வீட்டின் அத்திவாரத்துக்குள்தான் வழி தேடும். கான்களைக் கோடாக வரைந்து, தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டு வைத்தாலே இந்தத் தவறில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். நான் பார்த்தவரை திட்டப் படங்களில் வீடு இருக்கும், பாதை இருக்கும். கானைத்தான் காண முடியாது.

அப்புறம், அவசரம். 1990-ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். “எங்கே வர வேண்டும்?” என்று கேட்பார்கள். “மேல்கணக்கு, கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லயன்” என்ற பதில் ஊர்க்காரருக்கு மட்டுமே விளங்கும். வண்டி எதுவரை வரும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சரை எந்த வழியில் தூக்கலாம் என்பதும் படத்தில் இருந்தால், தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம்.

வேறெங்காவது இப்படிச் செய்து பயன் கிடைத்திருக்கிறதா?

பாகிஸ்தானில், கராச்சியின் ஒராங்கி என்ற ஏழைகள் குடியிருப்பு நல்ல உதாரணம். அக்தர் ஹமீத் கான் 1980-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், ஏழைக் குடும்பங்கள் தங்கள் சந்துக்குரிய கழிவுநீர்க் குழாயைத் தாங்களே காசு போட்டுப் பதித்தன. உள்ளூர் இளைஞர்கள் சந்து சந்தாக அளந்து படம் வரைந்தார்கள். அந்த வேலையைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். மக்கள் ஏற்கெனவே போட்ட குழாய்களும் இயற்கை ஓடைகளும் படத்தில் வந்த பிறகு, அவற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் திட்டம் போட அதிகாரிகளால் இலகுவில் முடியவில்லை. பர்வீன் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் வரைவது சிலருக்கு எவ்வளவு இடைஞ்சலாக இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

கென்யாவில், நைரோபியின் கிபேரா என்ற நெரிசலான குடியிருப்பு 2009 வரை வரைபடங்களில் ஏறத்தாழ வெற்றிடமாகவே இருந்தது. அந்த வருடம் அங்குள்ள இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து, தண்ணீர் விற்கும் இடம், கழிப்பிடம், கிளினிக் எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள்.

நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. 1984-இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், நகர்ப்புறக் குடியிருப்புகளில் அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடும் முறை இருந்தது. காணித் துண்டுகளின் எல்லையை நிலத்திலேயே நின்று குடும்பங்களோடு பேசித் தீர்த்தார்கள். அன்று கயிறும் முளைக்குச்சியும். இன்று கையில் கைபேசி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சு அப்படியே வேண்டும்.

மண்சரிவு அபாய வரைபடம் அரசாங்கத்திடம் இருக்கிறதே. நாங்கள் வரைந்து என்ன ஆகப்போகிறது?

இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலை மாவட்டங்களுக்கு 1:50,000, 1:10,000 அளவுகளில் அபாய வரைபடம் தயாரித்திருக்கிறது. அது தேர்ச்சி பெற்றவர்களின் வேலை, அதை நம்பித்தான் ஆக வேண்டும். புது வீட்டுக்கு இடம் பார்க்கும்போது முதலில் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அளவைக் கவனியுங்கள். 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஒரு லயன் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1:10,000-இலும் ஒரு மில்லிமீட்டர் 10 மீட்டர். உங்கள் வீடு சிவப்பு அபாயப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அந்தப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதற்கு அந்த நிறுவனத்தின் ஆட்கள் நேரில் வந்து பார்த்துத் தரும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவிலும் இதே சிக்கல். பலரும் பயன்படுத்துவது 30 மீட்டர் கட்டங்களாக உள்ள செய்மதித் தரவு. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், அதாவது நம் காணி அளவில் சுமார் 35 பேர்ச்சஸ். தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்த ஏழு பேர்ச்சஸ் துண்டு ஐந்து அதில் ஒரே கட்டமாகிவிடும். அதற்குள் இருக்கும் ஒரு வெட்டுச் சுவர், ஒரு சிறு பள்ளம் எதுவும் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் நம் படம். ஓர் இடத்தில் பெரிய வெள்ளைத் தாளில் லயன்களை அச்சடித்து, கோயில் திண்ணையில் விரித்து வைத்திருந்தோம். இளம் பெடியன்கள் கடை, கிரவுண்ட், டவர் என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். எண்பதை நெருங்கும் ஒரு அம்மாயி கிட்ட வந்து, மூன்றாவது லயனுக்கு மேலே விரலை வைத்தார். “இங்க ஐப்பசியில மட்டும் ஊத்து கிளம்பும். எங்க காலத்துல தெளிஞ்ச தண்ணி. போன வருசம் கலங்கி வந்துச்சு.” தாளைச் சுற்றி நின்ற எல்லோரும் அமைதியாகிவிட்டோம். கலங்கி வரும் ஊற்று, புதிதாகக் கிளம்பும் ஊற்று, தரையிலும் சுவரிலும் வளரும் வெடிப்பு, திடீரென்று இறுகி மூட முடியாமல் போகும் கதவு, சாயும் மரம், சாயும் மின்கம்பம் – இவையெல்லாம் மலை நகரத் தொடங்குவதன் அடையாளங்கள். இவற்றைத் திகதியோடும் படத்தோடும் குறித்துவைக்க அங்கேயே வாழ்பவரால் மட்டுமே முடியும். அந்த ஊற்றைக் குறித்த தாளின் படத்தை அடுத்த நாளே கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தோம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கான மழையளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் கவனமாக இருக்க வேண்டிய மஞ்சள் நிலை, 100 என்றால் ஆயத்தமாகும் செம்மஞ்சள் நிலை, 150 என்றால் வெளியேற வேண்டிய சிவப்பு நிலை. வெளியேறு என்றால் எங்கே? எந்தப் பாதையால்? இரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் இல்லாமல்? பாடசாலைக்குப் போகும் பாதையே சரிவுக்குக் குறுக்கே போனால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் படத்தில் இருக்க வேண்டும்.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நினைக்காமல் இதைப் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் அங்கே லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆபத்து தெரிந்திருந்தது. போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. ஆகவே அபாயத்தைக் குறிக்கும் ஒவ்வொரு படத்தோடும், குடும்பங்களை மாற்றக்கூடிய பாதுகாப்பான நிலம் எங்கே என்ற இரண்டாவது படமும் போக வேண்டும் என்று நான் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏழு பேர்ச்சஸ் எல்லையைக் கைபேசியிலேயே அளந்துவிடலாமா?

கூடாது. ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 177 சதுர மீட்டர். சதுரமாக எடுத்தால் பக்கம் 13 மீட்டர் சொச்சம். கைபேசி ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் வரை தவறலாம். பள்ளத்தாக்கிலும் மரத்தடியிலும் அதற்கும் மேல். பக்கத்து வீட்டாரின் மரக்கறிப் பாத்தி உங்கள் பக்கம் வந்துவிடும், சண்டை தொடங்கிவிடும். எல்லைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும். உறுதிப்பத்திரத்துக்கும் அவருடைய பிளான்தான் செல்லும். யார் எங்கே இருக்கிறார்கள், எந்தக் குடும்பத்துக்கு எது வசதி என்று அவர் வருவதற்கு முன்பே பேசி முடிக்க நம் படம் உதவும்.

எதிலிருந்து தொடங்குவது? என்ன வேண்டும்?

ஒரு சாதாரண ஆண்ட்ராய்ட் கைபேசி, அச்சடித்த படம், பேனை. கணினி ஒன்று இருந்தால் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். வீட்டுவாரி விவரம் சேர்க்க, கேள்விப் படிவம் தயாரிக்கும் கோபோடூல்பாக்ஸ். அதில் கேள்விகளைத் தமிழிலேயே போடலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பிவிட்டுப் பிறகு அனுப்பலாம்.

கருவியைவிட நேரத்தைப் பற்றித்தான் நிறைய யோசிக்க வேண்டும். பகலில் போனால் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் இருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆண்களும் இளைஞர்களும் சொல்வதுதான் படமாகும். பீலிக்கரையில் எத்தனை மணிக்குக் கூட்டம், எந்தக் குழாய் வாரத்தில் மூன்று நாள் வரண்டுபோகிறது, இருட்டிய பிறகு எந்தப் பாதையில் தனியாகப் போக முடியாது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அல்லது மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு போங்கள். நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பு என்றால், விடியற்காலையில் வேலைக்குப் போனவர்கள் சற்று ஓய்வெடுத்த பிறகு, பின்நேரம் போங்கள்.

இடப்பெயரை எந்த மொழியில் எழுதுவது?

எல்லா மொழியிலும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனியாகப் பெயர் போட இடமுண்டு. தோட்டத்தின் பதிவுப் பெயர் ஸ்கொட்லாந்து ஊரின் பெயராக இருக்கும், சனம் அழைக்கும் பெயர் வேறாக இருக்கும். பெரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, எட்டாம் நம்பர் மலை, பழைய ஸ்டோர் – இவற்றையும் விடாமல் எழுதுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நாம் ஒருவரையொருவர் தேடிப் போகிறோம்.

வீட்டு இலக்கம் இல்லை, முகவரி இல்லை. அதற்கு ஏதாவது வழி?

இது சிறிய பிரச்சினை போலத் தெரியும். ஆனால் நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, திகதி தப்பிய பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! படம் வரையும்போதே ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் இலக்கம் என்று ஊரே கூடி முடிவு செய்யுங்கள். இலக்கத்தைச் சட்டபூர்வமாக்குவது உள்ளூராட்சி சபையின் வேலை. தயாரான பட்டியலும் படமும் கையில் இருந்தால் சபைக்குப் போய்ப் பேசுவது இலகு.

படத்தில் வந்துவிட்டால் எங்களை இங்கிருந்து எழுப்பிவிடுவதற்கு வசதியாகிவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் இருக்கும் ஒருவர் இதைக் கேட்கும்போது “அப்படியெல்லாம் நடக்காது” என்று நான் சொல்ல மாட்டேன். பொதுப் படத்தில் ஏறியதை யாரும் பார்க்கலாம், யாரும் பிரதி எடுக்கலாம். அதனால் இரண்டு அடுக்காகப் பிரித்து வைக்கிறோம். பாதை, படி, கான், தண்ணீர், கோயில், பாடசாலை எல்லாம் பொதுப் படத்தில். குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை, தொலைபேசி, உறுதி இருக்கிறதா இல்லையா, யாருக்கு என்ன நோய் – இவை ஒருபோதும் பொதுப் படத்துக்குப் போகாது. ஊர்க் குழுவின் கையில், பூட்டிய கோப்பாக இருக்கும். 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் குழுவில் ஒருவர் படித்து வைத்திருப்பது நல்லது. ஊர்க் கூட்டம் வேண்டாம் என்று சொன்னால் வரைய வேண்டாம். நாங்கள் அப்படித் திரும்பி வந்திருக்கிறோம்.

பழைய பிளான் ஒன்றை ஸ்கேன் செய்து போட்டோம். வீடுகள் பக்கத்து மலையில் போய் உட்காருகின்றன. ஏன்?

இலங்கையின் பழைய படங்கள் கண்டவளை ஆதாரத்தில் (இடங்களை அளக்கப் பயன்பட்ட பழைய அடிப்படைக் கணக்கில்) வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். வேறு ஆதாரத்தில் அளக்கிறது. கியூஜிஐஎஸ்ஸில் ஆள்கூற்று முறையைத் தெரிவு செய்யும் இடத்தில் பழைய கண்டவளைக் கட்டத்துக்கு 5234, 1999-இன் புதிய கட்டத்துக்கு 5235 என்று தேடிப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ட்ரோன் வாங்கலாமா?

முதலில் வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், செலவும் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக அதுவும் கூரையைத்தான் காட்டும்.

வரைந்து முடித்த படத்தை யாரிடம் கொடுப்பது?

பிரதேச சபை அல்லது நகர சபை, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகம் – நான்கு பேருக்கும் ஒரே நாளில், ஒரே படத்தை, கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். தோட்டக் குடியிருப்புக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் தடையாக இருந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டது. “தோட்டத்துக்குள் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்று யாராவது இன்னும் சொன்னால், அந்தத் திருத்தத்தை மரியாதையாக நினைவூட்டுங்கள். உங்கள் இடத்தின் அபாய மதிப்பீடோ, போடப்போகும் வீட்டுத் திட்டத்தின் வரைவோ கேட்டும் கிடைக்கவில்லையென்றால் 2016-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும்.

கொடுக்கும் படத்தில் ஒரு கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். “எங்களுக்கு அபிவிருத்தி வேண்டும்” என்று எழுதினால் கோப்புக்குள் போய்விடும். “இந்த இரண்டு லயன்களின் இருபத்து நான்கு குடும்பங்களுக்கு ஒரே குழாய். 40 மீட்டர் மேலே தொட்டி இருக்கிறது. நடுவில் குழாய் பதிக்கும் வழி இதோ” என்று கோடு போட்டுக் காட்டினால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு தடவை வரைந்தால் போதுமா?

போதாது. ஒவ்வொரு பெருமழைக் காலத்துக்கு முன்பும் பின்பும் ஒருமுறை நடக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலை மாவட்டங்களில் எத்தனை பாதைகள் அறுந்தன, எத்தனை சரிவுகள் முகம் மாறின என்பதைப் பார்த்தோம். அதற்கு முந்தைய படத்தை வைத்து இன்று வீட்டுக்கு இடம் பார்க்கக் கூடாது. லயனுக்கு ஓர் ஆள் என்று பொறுப்புக் கொடுங்கள், ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள். நாங்கள் போகும் ஓர் இடத்தில் அந்த அம்மாயியின் பேத்திதான் இப்போது மூன்றாவது லயனுக்குப் பொறுப்பு. ஐப்பசி பிறந்ததும் காலையில் பாடசாலைக்குப் போகும் முன் ஊற்றுக்குப் போய், ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புகிறாள்.